காவடிப் பாட்டுக்குத் தாத்தா பிடித்த கதை

சத்தியம். முக்காலும் சத்தியம். போன மாதம் ஈப்போவில் கட்டிக்கொண்ட புதுப் பல்வரிசை மேல் கையை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வரி பொய் கிடையாது. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அதையும் உண்மையாகவே மாற்றியிருக்கிறேன்.

பாட்டுக்காரர்களைப் பேட்டி எடுப்பது, ஒரு கேள்வியோடு வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்பது கேள்வியோடு திரும்பி வருகிற தொழில். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார வைக்கப்பட்டவர்களே, உறுமிக்காரரிடம் "இது என்ன பாட்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

முப்பது வருஷம் ஈப்போ தைப்பிங் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எல்லாரும் என் பேச்சைக் கேட்டுக் களைத்துப் போனார்கள். என் மருமகன் சுரேஷ், கடை மாடியில் ஒரு அறையை எடுத்து இணைய வானொலி நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர் இசைக் கலைஞர்களோடு பேசும் வேலையை எனக்குக் கொடுத்தார். என் மகள்தான் கொடுக்கச் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது.

வராத விருந்தாளி

எல்லாம் ஆரம்பித்தது, லூமுட்டிலிருந்து வரவேண்டிய ஒரு இசையமைப்பாளர் வராமல் போன நாளில்தான். பங்கோர் தீவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனவர் காலைப் படகைத் தவறவிட்டுவிட்டார். எனக்கோ அரை மணி நேரம் காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகன் நின்றுகொண்டு கையை வட்டமாகச் சுற்றுகிறார். பேசுங்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்று அர்த்தம். கையில் கிடைத்த ஒரு காவடிப் பாட்டைப் போட்டேன். உங்களுக்கும் தெரிந்த பாட்டுதான். சுங்கை சிப்புட்டிலிருந்து லூமுட் வரைக்கும் அதைப் பாடாத திருவிழா இல்லை. இரண்டு வரி ஓடும். அப்புறம் சட்டென்று நாலு தாள அடிக்கு ஒரு சத்தமும் இருக்காது. உறுமி நிற்கும், பாட்டு நிற்கும், காவடி மட்டும் ஆடும். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

யார் போட்ட பாட்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அரை நொடிதான் ஓடும், அரை மணி நேரம் ஓடாது. அதனால் சொன்னேன். "ஒற்றைக் கண் கருப்பண்ணன் என்று ஒருவர் இருந்தார். யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர். ஒரு மரத்தை வெட்டும்போது இரண்டு வரி பாடுவார். அடுத்த மரத்துக்கு நாலு எட்டு நடக்கவேண்டும். நடக்கும்போது பாடமாட்டார். இருக்கிற ஒரு கண்ணால் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுதான் அந்த நாலு அடி." சொல்லி முடித்தபோது எனக்கே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. அந்தக் கருப்பண்ணன், அன்றைக்குக் காலையில் நான் பசியாறும்போதுகூட இந்த உலகத்தில் இல்லாதவர். வெளியே வந்தால் மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "மாமா, இவ்ளோ சரித்திரம் தெரிஞ்சு வச்சிக்கிட்டு, எதுக்கு எங்ககிட்ட பஸ் கதையே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

கமுந்திங்கிலிருந்து ஒரு ஆள்

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு ஆள் மாடிப்படி ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயது, தொழிற்சாலைச் சட்டை, இரும்பு மூக்கு வைத்த காலணியை வாசலில் கழற்றி ஒழுங்காக ஓரமாய் வைத்தார். பெயர் தேவராஜ். கமுந்திங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். உட்காரச் சொல்லும் வரைக்கும் உட்காரவில்லை. "அண்ணே, அந்தக் காவடிப் பாட்டு நான் போட்டது" என்றார்.

எப்படி என்று கேட்டேன். "வண்டி ரிவர்ஸ்ல போவும்போது பீப் பீப்னு அடிக்கும்ணே. நாள் முழுக்க அத கேட்டா பைத்தியம் புடிக்கும், அதான் அது மேலயே ஒரு ராகத்த ஏத்தி முணுமுணுத்தேன். நிறுத்தி, கியர் மாத்தி, பலகைய எறக்குற வரைக்கும் சத்தம் இருக்காது. என் கைக்கு அது கரெக்டா நாலு அடி. அப்பறம் மறுபடி ரிவர்ஸ்." போனில் பாடி நண்பர்களுக்கு அனுப்பினாராம். அது போன் விட்டுப் போன் தாவி ஊரெல்லாம் போய்விட்டது, பெயர் மட்டும் கூடப் போகவில்லை. அந்தப் போனும் லூமுட் படகுத்துறையில் கடலுக்குள் விழுந்துவிட்டது. இருபது வருஷமாகப் பாட்டுப் போடுகிறார், ஊர் பாடுவது இந்த ஒன்றைத்தான். இப்போது சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே இசை போட்டவர் பெயர் வரும். அவர் பாட்டுக்குக் கீழே 'கருப்பண்ணன்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மனைவி சரோஜா கேட்கிறாளாம், "இருவது வருஷமா முனகுறீங்களே, ஒரு எடத்துலயாவது ஒங்க பேரு இருக்கா?" என்று. நான் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எனக்கு அந்தப் பெரியவரு மேல கோவம் இல்லண்ணே. அவரு குடும்பம் எங்க இருக்குன்னு சொல்லுங்க, போய்ப் பாத்து மன்னிப்பு கேட்டுட்டு, அப்பறமா என் பேர கேக்குறேன் லா."

சீட்டாடிய சாட்சி

மன்னிப்புக் கேட்க ஆளை எங்கே தேடுவேன்? ஆனாலும் புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் நாலு இசைக்காரர்கள் வாயால் "இது தேவராஜ் பாட்டு" என்று சொல்ல வைத்துவிட்டால், கருப்பண்ணன் தானாகக் கழன்று போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். முதலில் சுங்கை சிப்புட்டில் உறுமிக் குழு நடத்தும் குணா. இருபத்தைந்து பேர், எல்லாருக்கும் ஒரே சிவப்புச் சட்டை. தெருமுனை மாமாக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, "குணா, அந்தப் பாட்டு முதலில் உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன். "போன்ல வந்துச்சுண்ணே" என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது. "எப்போது?" என்றேன். "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்ன" என்றார்.

இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டேன். ஏன் ஒத்துப்போகக்கூடாது என்று அவர் கேட்டார். கருப்பண்ணனும் குணாவின் தாத்தாவும் தோட்டத்து வீட்டு வரிசையில் ஒரே லயத்தில் குடியிருந்தவர்களாம். சேர்ந்து சீட்டாடுவார்களாம். ஒற்றைக் கண் என்பதால் கருப்பண்ணன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சீட்டை எட்டிப் பார்க்கமாட்டாராம், அவ்வளவு நேர்மையாம். நான் பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்கே தெரியாத சேதி. அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். குணா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க என்னண்ணே, அந்தக் காலத்துல இருந்தீங்களா?"

வயலின் மாஸ்டர் போட்ட கணக்கு

அடுத்தது படித்தவராகப் பார்த்துப் போனேன். ஈப்போவில் வயலின் கற்றுக்கொடுக்கும் சிவஞானம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் செருப்புகூட நேர்க்கோட்டில்தான் நிற்கும். பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தாளம் போட்டார். வயலினை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். "ஓம், ஆனந்த பைரவி. ஆனால் வடிவாய்ப் பாருங்கோ ஐயா, இந்த நாலு அடி வெறுமையாய்க் கிடக்குதெல்லே, இது படிக்காத ஆக்களுக்கு வராது. சத்தம் போட ஆருக்கும் ஏலும். போடாமல் விடத்தான் ஞானம் வேணும்."

அப்படியானால் கருப்பண்ணன் போட்டதில்லைதானே என்று ஆசையாகக் கேட்டேன். கருப்பண்ணனால் ஏலவே ஏலாது என்றார். எனக்குக் கைதட்டவேண்டும் போல் இருந்தது. அப்படியே கமுந்திங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் போட்டிருக்கலாமோ என்று பேச்சைத் திருப்பினேன். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், காய்ச்சல் இருக்கிறதா என்று என் நெற்றியைத் தொடப்போகிறார் என்றே நினைத்தேன். வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். பாட்டுக்கு இன்னும் நூறு வயதைக் கூட்டி என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "அது எங்கட ஊர்க் கோயில்லை பாடினது ஐயா. கருப்பண்ணன் ஆரிட்டையோ கேட்டுத்தான் பாடியிருக்க வேணும்."

அத்தையின் கால்

மூன்றாவது ஆள் ரேமண்ட். கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பவர். அவர் பதில் சுருக்கம்: "யாரும் போடல அங்கிள், மெஷின்ல இருந்துச்சு." மெஷினுக்குள் எப்படி வந்தது என்றேன். வாங்கும்போதே இருந்திருக்கும் என்றார். இந்தப் பேச்சு நடந்தது ஒரு மத்தியானக் கல்யாண விருந்தில். நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே.

யாரோ கேட்டார்கள் என்று ரேமண்ட் அந்தப் பாட்டையே வாசித்தார். பெண்ணின் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. கோழி வறுவலை விட்டுவிட்டு எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். ரேமண்டுக்கு ஒரு பழக்கம். மண்டபத்தில் சத்தம் நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று ஜனங்கள் கிளம்பிவிடுவார்களாம். அதனால் அந்த நாலு அடியில் தாளத்தட்டைப் போட்டு நிரப்பி வைத்திருந்தார். அத்தை இரண்டு வரிக்கு அருமையாக ஆடுவார். நாலு அடி வந்ததும் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும். மறுபடி இரண்டு வரி, மறுபடி அந்தரம். நாலாவது தடவை அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து மேடையைப் பார்த்தார். "தம்பி, அந்த நாலு அடிய சும்மா விடுப்பா, நான் கால எங்க வைக்கிறது?" சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆடினார்.

உண்மை சொன்ன ஞாயிற்றுக்கிழமை

இனி ஒரே வழிதான். வானொலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கருப்பண்ணன் கிடையாது, கண்ணும் கிடையாது, பாம்பும் கிடையாது, படகைத் தவறவிட்ட ஒருவருக்காக நான் அவிழ்த்துவிட்ட புளுகு, பாட்டு தேவராஜுடையது, அந்த நாலு அடி ஃபோர்க்லிஃப்டில் கியர் மாற்றுகிற நேரம். எழுபத்து மூன்று வயதில் முதல் முதலாக ஒரு நிகழ்ச்சி முழுக்க உண்மை பேசினேன். வேர்த்துவிட்டது. நேயர்கள் செய்தி அனுப்பிக் குவித்தார்கள். பெரியவர் இன்றைக்கு விட்ட கதை, இதுவரை சொன்ன கதை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்றார்கள். கியர் கதையை இன்னொரு தடவை போடச் சொல்லி நாலு பேர் கேட்டார்கள்.

கோயில் கமிட்டித் தலைவரை நேரில் போய்ப் பார்த்தேன். முத்தையா, தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டம் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பு வந்தும், ஊரில் அவர் கிராணிதான். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கருப்பண்ணன் பெயரைத் தானே கூப்பிட்டதாக ஞாபகம் என்றார். கணக்குப்படி அப்போது அவர் பிறந்தே இருக்கமாட்டார். அதைச் சொன்னேன். அது ஒரு பெரிய விஷயமில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். "வண்டி பின்னால போற சத்தத்துக்கு எவனாவது காவடி எடுப்பானா? பக்தின்னு ஒண்ணு இருக்குல்ல?"

தேவராஜுக்கு வந்த சந்தேகம்

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தொழிற்சாலை வாசலில் மதிய இடைவேளையில் தேவராஜைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நல்லா யோசிச்சுப் பாத்தேன். சின்ன வயசுல எங்க லயத்துப் பக்கம் ஒத்தக் கண்ணோட ஒரு ஆளு நடந்து போவாரு. ஏதோ பாடிக்கிட்டே போவாரு. அவருகிட்ட கேட்டதுதான் என் மண்டைக்குள்ள இருந்திருக்கும்" என்றார்.

அப்படி யாரும் நடக்கவில்லை என்றேன். நடந்தார் என்றார். அந்த ஆளை நான்தான் செய்தேன், ஒரு அரை மணி நேரத்தை ஓட்டுவதற்காகச் செய்தேன், கண்ணைப் பிடுங்கியவனும் நான்தான் என்றேன். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்போது உள்ளே ஒரு வண்டி பின்னால் போகும் சத்தம் கேட்டது. தேவராஜின் வலது கால் தானாகத் தரையில் தாளம் போட்டது. வண்டி நின்றது. காலும் நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன், நாலு. மறுபடி சத்தம், மறுபடி கால். அவருக்கு அது தெரியவே இல்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "என்னத் தேத்துறதுக்காக ஒரு நல்ல மனுசன இல்லன்னு சொல்லாதீங்கண்ணே. விடுங்க, அவரு பேரே இருக்கட்டும்."

அன்றைக்குத் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் ஒருவரிடமும் பேசவில்லை. முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த ரோடு அது. நான் வாயை மூடிக்கொண்டு போன ஒரே பயணம் அதுதான்.

பேரன்

புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் கமிட்டிக் கூட்டம். ஆறு பேர், ஒரு தட்டு நிறைய அவித்த கடலை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். "கிராணி சார், அந்த ஃபோர்க்லிஃப்ட் கதை பொய்தான்" என்றேன். எல்லாரும் நிம்மதியாகக் கடலையை எடுத்தார்கள். "ஆனால் கருப்பண்ணனுக்கு ஒரு பேரன் இருக்கிறார்." கடலை பாதி வழியில் நின்றது.

சொன்னேன். கருப்பண்ணன் மரம் வெட்டும்போது பாடிய வரிகள் எல்லாம் அவரோடு போய்விட்டன. வீட்டில் யாருக்கும் ஒரு சொல்கூட ஞாபகமில்லை. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது, ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் அவர் வாயை மூடிக்கொண்டு நடந்த அந்த நாலு எட்டு மட்டும்தான். தாத்தா விட்டுப்போன அந்த மௌனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு வரியாக வைத்துப் பேரன் போட்டதுதான் இன்றைக்கு ஊர் பாடும் பாட்டு. பேரன் பெயர் தேவராஜ். மண்டபத்தில் நாலு அடி என்ன, நாற்பது அடிக்குச் சத்தம் இல்லை. கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவை எடுத்துக் கருப்பண்ணனை அடித்தார். "இத மொதல்லயே சொல்லாம, எதுக்கு மிஸ்டர் ஊர்ல இல்லாத கதையெல்லாம் சொன்னீங்க?"

வலதா, இடதா

திருவிழாவில் புத்தகம் வந்தது. 'இசை: தேவராஜ்' என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே சின்னதாய் 'கருப்பண்ணனின் பேரன்' என்று அச்சடித்திருந்தார்கள். தேவராஜ் கூட்டத்துக்குள் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குணாவின் குழு வாசித்துக்கொண்டு போனது. நாலு அடி வந்தது, எல்லாம் நின்றது. தேவராஜ் தலையைத் தூக்கினார். "பலகைய எறக்கியாச்சு" என்று தனக்குள் சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பின்னாலேயே சரோஜா வந்தார். புத்தகத்தை முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். சிரித்த முகம்தான், ஆனால் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "பேரு வந்துருச்சு, ரொம்ப சந்தோஷம்ணே. இப்ப கிராணி, தாத்தா படத்த மண்டபத்துல மாட்டணும், கொண்டாந்து குடுன்னு நிக்கிறாரு. இவரு தாத்தா தைப்பிங்ல முடி வெட்டுற கடை வச்சிருந்தவரு, ரெண்டு கண்ணும் நல்லா பெருசா இருக்கும். எதையாவது பண்ணிக் குடுக்குறேன், அத மட்டும் சொல்லுங்க. கருப்பண்ணனுக்கு எந்தக் கண்ணுண்ணே இல்ல, வலதா இடதா?"

வலது என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷம் புத்தகம் மறுபடி அச்சாகும்போது ஒரு உண்மையான பெயர் அதில் நிற்பதற்கு ஒரு பொய்யான கண் தேவைப்படுகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது, ஆகவே இதையெல்லாம் சொன்னது யார் என்று மட்டும் தயவுசெய்து ஒருவரிடமும் சொல்லிவிடாதீர்கள்.